பதிவேட்டில் ஏறாத வலி

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் பயணம் செய்தவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சுங்குவார்சத்திரத்தை ஒட்டி வரிசைகட்டி நகரும் கம்பெனி பஸ்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வரும் இளம்பெண்கள். எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. ஒரகடம் போகும் சாலையிலோ ஆண்கள் கூட்டம்: பைக்கில், ஷேர் ஆட்டோவில், சிலர் கம்பெனி பஸ்ஸிலும். போய்ச் சேரும் தொழில் வட்டாரம் ஒன்றுதான். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை வேறு, வேலை ஒப்பந்தம் வேறு, உடம்புக்கு வரும் கேடும் வேறு.

இந்தப் பிரிவினை யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவந்ததல்ல. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998இல் சான்ட்ரோ கார் வெளியே ஓடியது. 2010இல் ரெனோ–நிஸான் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. டைம்லர் லாரியும் ராயல் என்ஃபீல்டு பைக்கும் பின்னாலேயே வந்தன. அங்கெல்லாம் ஆண்களை எடுத்தார்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் திறக்கப்பட்ட நோக்கியா ஆலை பெண்களை எடுத்தது. நோக்கியா 2014 நவம்பரில் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கானும் பெண்களைத்தான் எடுக்கிறது. கனமான பொருள் என்றால் ஆண், கையடக்கமான பொருள் என்றால் பெண். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று தொழிற்சாலைகள் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அந்தப் பெருமையில் இந்தச் சாலைக்கும் பங்கு உண்டு.

பெண்களுக்கு விரல் நுணுக்கம் அதிகம், பொறுமை அதிகம், அதனால்தான் எடுக்கிறோம் என்பது வழக்கமான விளக்கம். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில், விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, காண்ட்ராக்டர் மூலமாக, ஹாஸ்டலில் தங்குபவராக ஒருவரை எடுக்கும்போது விரலை மட்டும் பார்த்து எடுப்பதாகச் சொன்னால் நம்பச் சற்றுக் கஷ்டமாக இருக்கிறது.

போன் கோக்கும் ஒரு லைனைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் அந்த வேலை உடம்பை என்ன செய்கிறது என்பது புரியும். தலையில் தொப்பி, உடம்பில் கோட்டு, நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு வார். முன்னால் பெல்ட் நகர்கிறது. ஒருவருக்கு ஒரே ஒரு வேலை: ஒரு நுண்ணிய திருகை எடுத்து வைத்து, கருவியால் முறுக்கி, அடுத்தவருக்குத் தள்ளுவது. அல்லது பசை ஒட்டிய ஒரு சின்னப் பட்டையைப் பிரித்து ஒட்டுவது. சில நொடிகளில் அது முடிந்துவிடும்; உடனே அடுத்தது வரும். ஒரு ஷிப்டில் இதே அசைவு, இதே மணிக்கட்டு, இதே கட்டைவிரல். பல லைன்களில் நின்றபடிதான் வேலை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். லைன் லீடரிடம் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சப்படுபவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. சிறுநீர்த் தொற்று அங்கே சர்வசாதாரணமாக வருவதற்கு அதுவே போதும்.

நாள் முழுக்க நிற்பதால் கால் நரம்பு புடைப்பது, இடுப்பு வலி. ஒரே அசைவால் மணிக்கட்டு மரத்துப்போவது. ஷிப்ட் மாறி மாறி வருவதால் தூக்கமும் மாதவிடாயும் தடம் புரள்வது. எதிலும் ரத்தம் வருவதில்லை. ஆம்புலன்ஸ் வருவதில்லை. லைனும் நிற்பதில்லை.

ஆண்கள் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில் கதை வேறு. தகட்டை அச்சுக்குள் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பிரஸ் இறங்கும். இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் இயங்கும்படி செய்தால், கை உள்ளே இருப்பதைக் கண்டு நிறுத்தும் சென்சார் வைத்தால், விரல் போகாது. பெரிய ஆலைகளில் இவை இருக்கும். அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் வெண்டருக்கும், அந்த வெண்டருக்குச் செய்து தரும் சின்னப் பட்டறைக்கும் போகப் போக, டார்கெட்டின் அவசரத்தில் பாதுகாப்பு தளர்ந்துகொண்டே போகும். வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் 'கிரஷ்டு' என்ற அறிக்கையை வெளியிட்டு வருகிறது. ஹரியானாவில் தொடங்கிய வேலை அது. ஆனால் அதில் வரும் பவர் பிரஸ்ஸும், ஊர்விட்டு ஊர் வந்த காண்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரகடத்துக்கு அந்நியர்கள் அல்ல. ஆலைக்குள் வெல்டிங் புகை, பெயிண்ட் ஷாப் ஆவி, காதைப் பிளக்கும் சத்தம், வெளியே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் பயணம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உலக அளவிலும் இதுதான் நிலை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலை தொடர்பான விபத்தாலும் நோயாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் சாகிறார்கள். வேலை செய்யும் வயதில் உள்ள ஒரு லட்சம் ஆண்களில் 51.4 பேர், பெண்களில் 17.2 பேர். ஆக, சாவைக் கணக்கெடுத்தால் தொழிற்சாலை ஆணுக்குத்தான் ஆபத்தான இடம். அதில் சந்தேகமே இல்லை.

பெண்கள் இருக்கும் லைனில் விபத்தே கிடையாது என்றும் சொல்ல முடியாது. 2010 அக்டோபர் இறுதியில் நோக்கியா ஆலையில் 23 வயதுப் பெண் ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஃபாக்ஸ்கானின் அன்றைய ஆலையில் சுமார் 250 பேர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். பூச்சிமருந்து காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் இப்படிப்பட்ட நாட்கள் அபூர்வம். அன்றாடத் தேய்மானம்தான் பெண்களின் உண்மையான தொழில்நோய். சிக்கல் எங்கே என்றால், நம் சட்டத்துக்கு விபத்தைப் பார்க்கத் தெரியும். தேய்மானத்தைப் பார்க்கத் தெரியாது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால், ஆலை நிர்வாகம் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்றது அது. விரல் போனால் 48 மணி நேரம் என்ன, மாதக்கணக்கில் ஆகும், ஆகவே பதிவாகும். மறைக்கப் பார்த்தாலும் வெட்டுப்பட்ட விரல் சாட்சி சொல்லும். நோய்களுக்கு வந்தால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 29 தொழில்நோய்கள் இருந்தன. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டாசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், சத்தத்தால் வரும் காது கேளாமை, தோல் அழற்சி என்று நீளும் பட்டியல். அதில் மணிக்கட்டு இல்லை. இடுப்பு இல்லை. கால் நரம்பு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே அட்டவணையைத்தான் சுமந்து வந்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்போ 2010இலேயே தன் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நெரிசலைச் சேர்த்துவிட்டது.

இன்னொரு விஷயம், படித்ததும் சிரிப்பு வரும். புதிய சட்டத் தொகுப்பின் பெரிய சலுகைகளில் ஒன்றாக அரசு சொல்வது, 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுங்குவார்சத்திரத்து லைனில் 40 வயதுப் பெண்ணை எங்கே போய்த் தேடுவது? பதினெட்டில் வந்து இருபத்தைந்துக்குள் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் அவர்கள்.

போகிறார்களா, போக வைக்கப்படுகிறார்களா என்பது தனிக் கேள்வி. ஃபாக்ஸ்கானில் ஐபோன் கோக்கும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்று ஆள் எடுப்பவர்கள் காரணம் சொன்னார்களாம். தாலி, மெட்டி போன்ற உலோக நகைகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. உலோகம் யார் அணிந்திருந்தாலும் கழற்ற வேண்டும் என்பதுதான் விதி, அதில் ஆண் பெண் பேதமோ மதப் பேதமோ இல்லை என்றது நிறுவனம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது. அதிகாரிகள் ஜூலை முதல் வாரத்தில் ஆலைக்குப் போனார்கள். அங்கே வேலை செய்த 33,360 பெண்களில் 2,750 பேர் திருமணமானவர்கள் என்று கணக்கு வந்தது. நூற்றுக்கு எட்டு. பாரபட்சம் இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துவைக்கப்பட்ட எண் இது. நம் ஊரில் இருபத்தைந்து வயதுப் பெண்களில் எத்தனை பேர் திருமணமானவர்கள் என்று வாசகர்களுக்கே தெரியும். அந்த எட்டு எதற்குச் சான்று என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

உடல்நலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம் உண்டு. ஏழு வருடம் நின்று உழைத்த காலில் நரம்பு புடைத்து வலி முற்றுவது முப்பது வயதில் என்றால், அப்போது அந்தப் பெண் செய்யாற்றிலோ திருக்கோவிலூரிலோ இருப்பார். வேலை போனதும் சிறிது காலத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் உரிமையும் போய்விடும். அங்கே அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதும்போது தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று போட்டுவிடுவார்கள். ஆலையின் கணக்கில் யாருக்கும் ஒன்றுமில்லை; எல்லாரும் ஆரோக்கியம். லைனில் நிற்பவர்கள் எப்போதும் இருபது வயதில்தானே இருக்கிறார்கள்.

ஆண்களும் பெண்களும் குறைகளை வெளியே கொண்டுவந்த விதத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 2024 செப்டம்பர் 9 அன்று இதே வட்டாரத்திலுள்ள சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெரும்பாலும் ஆண்கள், நிரந்தரத் தொழிலாளர்கள். சி.ஐ.டி.யு. தொழிற்சங்கத்தின் துணையுடன் பந்தல் போட்டு உட்கார்ந்து, சங்க அங்கீகாரமும் சம்பள உயர்வும் கேட்டு 37 நாள் போராடினார்கள். அவர்களது சராசரி மாதச் சம்பளம் சுமார் 25,000 ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன.

அதற்கு மூன்று வருடம் முன்பு, அதே சாலைக்கு வந்த பெண்களுக்குப் பந்தலும் இல்லை, சங்கமும் இல்லை. 2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லிப் பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில் சாப்பிட்ட 250க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தன. 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. போலீஸ் பலரைப் பிடித்துக்கொண்டு போனது. பிறகு வெளிவந்தவை: ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை, தரையில் படுக்கை, சில கழிவறைகளில் தண்ணீரே இல்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையலறையில் எலிகளையும் கெட்டுப்போன வடிகாலையும் கண்டு மூடச் சொன்னார்கள். சுமார் 17,000 பேர் வேலை செய்த ஆலை நின்றது. ஆப்பிள் நிறுவனம் ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். இந்தப் பெண்களின் மாதச் சம்பளம் அப்போது சுமார் 10,500 ரூபாய்.

ஆண் தொழிலாளிக்கு ஆபத்து பெரும்பாலும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது. பெண்ணுக்கு அது ஷிப்ட் முடிந்த பிறகும் கூடவே வருகிறது: பஸ்ஸில், படுக்கும் தரையில், ஹாஸ்டல் சாம்பாரில். அவர் தூங்கும் இடத்தையும் சாப்பிடும் நேரத்தையும், ஹாஸ்டலை விட்டு எப்போது வெளியே போகலாம் என்பதையும் வேலை கொடுப்பவரே தீர்மானிக்கிறார்.

அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்று சொல்வது நியாயமில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படி 706.50 கோடி ரூபாயில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார், ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூ வந்திருந்தார். அரசின் 'தோழி' விடுதிகளும் உண்டு. 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் அது ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும்தான். தொழிற்சாலையிலும் நிற்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று பழைய சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது: வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று. நகரும் பெல்ட்டுக்கு முன்னால் அந்த வாய்ப்பு எப்போது கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை.

இரவு வேலையிலும் பாதி தூரம்தான் வந்திருக்கிறோம். இரவில் பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆண் செய்யும் வேலையைப் பெண்ணும் செய்யலாம் என்ற சமத்துவத் தீர்ப்பு அது, சரியான தீர்ப்பும்கூட. அதையொட்டி வந்த நிபந்தனைகள் பெரும்பாலும் பாதுகாப்பான பயணம், பாலியல் தொல்லையிலிருந்து காப்பு பற்றியவை. தூக்கம் கெடுவதால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் 2007இல் வைத்தது. 2019இல் அதை உறுதிப்படுத்தியது. வருடக்கணக்கில் இரவு வேலை செய்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு டென்மார்க் நஷ்டஈடே கொடுத்திருக்கிறது. இங்கே அதைப் பற்றிக் கேட்க ஒரு படிவம்கூடக் கிடையாது.

ஆலைக்கு வரும்போதே இந்தப் பெண்களின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவர். ரத்தசோகையோடு எட்டு மணி நேரம் நிற்பவர் மயங்கி விழுந்தால், சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று சொல்லி ஒரு குளுக்கோஸ் பாக்கெட் கொடுத்து அனுப்பிவிடலாம். மாதவிடாய் வலிக்கு என்ன செய்கிறார்கள் என்பதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை விசாரித்து எழுதியது. ஸ்ரீபெரும்புதூரில் அல்ல, தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில். பெயரே இல்லாத மாத்திரையைச் சூப்பர்வைசர் கையில் கொடுப்பார்; விழுங்கிவிட்டு மெஷினில் உட்கார வேண்டும்.

பெண்ணின் உடம்பைத் தனியாக அளந்து பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு நல்ல உதாரணம் சென்னையில், போரூரில் இருக்கிறது. ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களை 2017 முதல் பின்தொடர்ந்தது. வெயிலிலும் சூட்டிலும் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்கு அதிகம் என்று 2024இல் முடிவு வெளியானது. செங்கல் சூளையிலும் வயலிலும் உப்பளத்திலும் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. குளிரூட்டிய போன் லைனுக்கு அது பொருந்தாது. ஆனால் இப்படி ஒரு ஆய்வைச் செய்ய முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

தென்கொரியாவில் நோயையும் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் அந்த வேலை வலிக்க வலிக்க நடந்தது. சாம்சங்கின் சிப் ஆலையில் வேலை செய்த ஹ்வாங் யூ-மி 2007இல் 22 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். டாக்ஸி ஓட்டுநரான அவருடைய தந்தை விடவில்லை. ஒருவர் பின் ஒருவராக, அதே மாதிரி நோய் வந்த இளம் தொழிலாளர்களின் பெயர்களைச் சேர்த்தார்கள். நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பரில். சிப் செய்வதும் போன் கோப்பதும் ஒன்றல்ல; இங்கே அந்த ரசாயனங்கள் இல்லை. ஆனால் அங்கே வழக்கு பிறந்ததே, வேலையை விட்டுப் போனவர்களைத் தேடிப்போய்ப் பெயர் எழுதிய பிறகுதான். நோக்கியா மூடியபோது வீட்டுக்குப் போன பெண்களை இங்கே யாரும் அப்படித் தேடவில்லை.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை ஒன்றுமில்லை. தொழில்நோய் அட்டவணையில் தசை, எலும்பு, நரம்புத் தேய்மானத்தைச் சேர்க்கலாம். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சீட்டு எழுதும்போது நோயாளி ஆணா பெண்ணா, எந்த ஆலை, என்ன வேலை என்று மூன்றையும் சேர்த்துக் குறிக்கலாம். வேலையை விட்டு நிற்கும் நாளில் ஒரு பரிசோதனை செய்து, அறிக்கையைத் தொழிலாளியின் கையில் கொடுக்கலாம். பிரஸ் ஷாப்பில் சென்சாரைக் கழற்றி வைத்த பட்டறையிடம் பெரிய கம்பெனி பொருள் வாங்காமல் இருக்கலாம். எல்லாமே தெரிந்த விஷயங்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறை நினைத்தால் இவற்றில் பாதியையாவது இந்த ஆண்டே தொடங்கலாம்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும் என 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி தன் சக மருத்துவர்களுக்கு எழுதினார். நம் மருத்துவர்களுக்குக் கேட்க நேரமில்லை. ஆகவே நாமே சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வந்த பெண் இருந்தால், கை மரத்துப்போகிறது, கால் வலிக்கிறது என்று அவர் மருத்துவரிடம் போகும்போது, எந்த ஆலையில், எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் நின்று, எந்த வேலையைச் செய்தார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள்.